பின் அச்சு தாங்குமா? பழைய அமெரிக்கக் கார்களைப் பலப்படுத்துவோர் அறிய வேண்டியவை

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர் சொன்னது மாட்டு வண்டியின் அச்சைப் பற்றி. ஆனால் 1960களில் அமெரிக்காவில் தயாரான, 'மசில் கார்' என்று அழைக்கப்படும் கார்களுக்கும் அந்த அறிவுரை அப்படியே பொருந்துகிறது. இங்கே பாரம் மூட்டையாக வருவதில்லை, இன்ஜினின் முறுக்கு விசையாக வருகிறது.

நடுத்தர அளவுக் காரில் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, சராசரி இளைஞர் வாங்கக்கூடிய விலையில் விற்பதுதான் மசில் கார் என்ற எண்ணத்தின் அடிப்படை. 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜிடிஓ இதற்கு வழிகாட்டியது என்பது பொதுவான கருத்து. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங், உருவில் சற்றுச் சிறியதென்றாலும் இந்தக் குடும்பத்தில் சேர்த்தே பேசப்படுகிறது. இன்று இந்தக் கார்களுக்கு அறுபது வயதாகிறது. வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழுது பார்ப்பதோடு நிற்பதில்லை. கார்புரேட்டரை மாற்றுகிறார்கள், சிலிண்டர் ஹெட்டை மாற்றுகிறார்கள், ஏன், இன்ஜினையே மாற்றிவிடுகிறார்கள். பின் அச்சை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பிறகு ஒரு நாள் சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார். பின்பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. இது நல்ல முடிவு. மோசமான முடிவும் ஒன்று உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

பின் அச்சு செய்யும் வேலை என்ன?

நம் நாட்டில் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஓர் இரும்புக் குழாய், அதன் நடுவே பானை போல் உப்பிய ஒரு பகுதி. அந்தப் பானைக்குள்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. மசில் கார்களில் மிகப் பெரும்பாலானவை இதே வகை அச்சைக் கொண்டவைதான்.

இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக வரும் சுழற்சியைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் கொண்டு வருகிறது. அது பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நீளவாக்கில் வந்த சுழற்சி இங்கே குறுக்குவாக்கில் திரும்புகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு ஆக்சல் ஷாஃப்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன.

காரின் பின்பாகத்து எடையைத் தாங்குவதும், பின் பிரேக்குகளைச் சுமப்பதும், சக்கரங்களை அவற்றின் இடத்தில் பிடித்து வைப்பதும் இதே அச்சுதான். ஆகவே பின் அச்சை மாற்றுவது என்பது கியரை மட்டும் மாற்றும் வேலையல்ல. பிரேக், ஸ்பிரிங், சக்கரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகிய நான்கையும் தொடும் வேலை.

ஒரு சிறு கணக்கு

பொதுவாகப் பேசுவதை விட ஒரு காரை எடுத்துக்கொண்டால் விளங்கிவிடும். 1967ஆம் ஆண்டின் மஸ்டாங் காரை எடுத்துக்கொள்வோம். அதில் பரவலாகப் பொருத்தப்பட்ட 289 கன அங்குல வி-8 இன்ஜின், இரட்டைக் குழல் கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறனும் 282 பவுண்டு-அடி முறுக்கு விசையும் தந்தது. இன்றைய அளவில் இது ஏறக்குறைய 382 நியூட்டன் மீட்டர்.

இந்த 382 அப்படியே பின்னால் போவதில்லை. நான்கு கியர் கொண்ட கியர்பாக்ஸின் முதல் கியர் அதை 2.78 மடங்காக்குகிறது. பின் அச்சின் விகிதம் 3.00 என்றால் மேலும் மூன்று மடங்காகிறது. உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அச்சில் வந்து விழுவது சுமார் 3,190 நியூட்டன் மீட்டர்.

இனி அதே காரில் இன்ஜினைப் பலப்படுத்தி 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 542 நியூட்டன் மீட்டர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புறப்பாடு வேகமாக இருக்க வேண்டும் என்று அச்சின் விகிதத்தையும் 3.55 ஆக்குகிறார்கள். இப்போது கணக்கு சுமார் 5,350 நியூட்டன் மீட்டர். இன்ஜினில் நாற்பது விழுக்காடு கூடியது, அச்சில் அறுபத்தெட்டு விழுக்காடாக வந்து நிற்கிறது. இதில் எந்த மாயமும் இல்லை, வெறும் பெருக்கல்தான்.

டயர் வழுக்கியதே அன்றைய பாதுகாப்பு

இங்கே ஒரு கேள்வி எழலாம். அந்தக் காலத்திலும் இளைஞர்கள் இந்தக் கார்களை முரட்டுத்தனமாகத்தானே ஓட்டினார்கள், அப்போது எல்லா அச்சும் முறிந்ததா?

முறியாததற்கு முக்கியமான ஒரு காரணம் டயர். 1967 மஸ்டாங் 6.95-14 அளவுள்ள ஒடுங்கிய டயர்களில் ஓடியது. அவை ரேடியல் வகைக்கு முந்தைய பழைய குறுக்கிழை டயர்கள். மிதியை ஓங்கி அழுத்தினால் டயர் புகைந்து வழுக்கும். வழுக்கிய கணமே அச்சின் மீதிருந்த அழுத்தம் குறைந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் எரிந்து மற்றவற்றைக் காப்பது போல, டயர் வழுக்கி அச்சைக் காப்பாற்றியது.

இன்று அதே காரில் அகலமான, சாலையைப் பற்றிக்கொள்ளும் நவீன ரேடியல் டயர்களைப் போடுகிறோம். டயர் வழுக்க மறுக்கிறது. அப்படியானால் அடுத்த பலவீனமான இடம் எது? ஆக்சல் ஷாஃப்ட், பினியன் பற்கள், கிராஸ் ஜாயிண்ட் ஆகியவைதான். இன்ஜினைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றியவருக்கும் அச்சு உடையலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

லீஃப் ஸ்பிரிங் பொருத்திய கார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேகமாகப் புறப்படும்போது அச்சு முறுக்கிக்கொள்ள, ஸ்பிரிங் 'எஸ்' வடிவில் வளைந்து, பின் சக்கரம் தரையில் தத்தித் தத்திக் குதிக்கிறது. ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்குடன் வந்த 1967 செவர்லே கமேரோவில் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் பின் அதிர்வுத் தாங்கிகளில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் அமைத்தது. இப்படிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் சுத்தியலால் அடிப்பது போன்ற அடி கியர்ப் பற்களில் விழுகிறது. இந்தக் குதிப்பை முதலில் நிறுத்தாமல் எவ்வளவு தடித்த அச்சைப் போட்டாலும் முழுப் பயன் கிடைக்காது.

எட்டு அங்குலமும் ஒன்பது அங்குலமும்

இந்தக் கார்களின் அச்சுகள் கிரவுன் வீலின் விட்டத்தைக் கொண்டே பெயர் பெறுகின்றன. சாதாரண வி-8 மஸ்டாங்குகளில் இருந்தது எட்டு அங்குல அச்சு. 271 குதிரைத்திறன் கொண்ட சிறப்பு 289 இன்ஜினுக்கும், 1967இல் வந்த 390 கன அங்குல இன்ஜினுக்கும் ஃபோர்டு நிறுவனமே ஒன்பது அங்குல அச்சைப் பொருத்தியது. ஆகவே எட்டு அங்குலத்தின் எல்லை எது என்பதைத் தயாரித்தவர்களே அன்றைக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பது அங்குல அச்சு 1957இல் அறிமுகமாகி, 1986 வரை ஃபோர்டு வாகனங்களில் வந்தது. அதன் புகழுக்கு மூன்று காரணங்கள். பற்கள் பெரியவை. பினியனை இரண்டு பேரிங்குகள் தாங்குவது வழக்கம், இதில் நுனியில் மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு. ஆகவே சுமை ஏறும்போது பினியன் வளைந்து விலகுவது குறைகிறது. மூன்றாவதாக, நடுப்பகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்து மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நுணுக்கமான அளவுகளைப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைக் கார்கள், எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும், 2021 வரை இந்த வடிவமைப்பின் வழிவந்த அச்சையே பயன்படுத்தின.

குறையும் இல்லாமல் இல்லை. இதில் பினியன் மிகவும் தாழ்வாக அமைந்திருப்பதால் பற்கள் ஒன்றன்மீது ஒன்று அதிகமாக உரசுகின்றன. ஆற்றல் சற்றுக் கூடுதலாக வீணாகிறது. எடையும் கூடுதல். தேவையில்லாதவர் இதைப் பொருத்தினால் சுமையைத்தான் வாங்கிக்கொள்கிறார்.

எட்டையும் ஒன்பதையும் பார்வைக்குப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. நடுப்பகுதியைப் பிடித்திருக்கும் நட்டுகள் எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக நுழைந்தால் அது எட்டு அங்குலம். கீழே உள்ள இரண்டு நட்டுகளில் சாக்கெட் நுழைய இடமில்லாமல் ஸ்பேனரைத்தான் போட வேண்டும் என்றால் அது ஒன்பது அங்குலம். பழைய சாமான் வாங்கப் போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற நிறுவனங்களிலும் இதே கதைதான். செவர்லேயில் பத்து போல்ட் அச்சு சாதாரணக் கார்களுக்கு, 8.875 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட பன்னிரண்டு போல்ட் அச்சு வலிமையான கார்களுக்கு. கிரைஸ்லர் குழுமத்தில் 8.75 அங்குல அச்சு நல்ல பெயர் பெற்றது. 425 குதிரைத்திறன் கொண்ட 426 ஹெமி இன்ஜினும் நான்கு கியரும் சேர்ந்த கார்களுக்கு அதுவும் போதாது என்று 9.75 அங்குல டானா 60 அச்சு பொருத்தப்பட்டது.

சக்கரம் கழன்று வெளியேறும் ஆபத்து

முன்னர் சொன்ன மோசமான முடிவு இதுதான். ஆக்சல் ஷாஃப்டை அச்சுக்குள் பிடித்து வைக்க இரண்டு முறைகள் உள்ளன. ஃபோர்டின் எட்டு, ஒன்பது அங்குல அச்சுகளில் ஷாஃப்டின் வெளிமுனையில் பேரிங் இறுக்கமாக ஏற்றப்பட்டு, அதை ஒரு தகடு நான்கு போல்ட்டுகளால் அச்சின் முனையோடு பிடித்திருக்கும். ஷாஃப்ட் உள்ளே முறிந்தாலும் சக்கரம் பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும்.

செவர்லேயின் பத்து, பன்னிரண்டு போல்ட் அச்சுகளிலும் ஃபோர்டின் பிற்கால 8.8 அங்குல அச்சிலும் வேறு முறை. ஷாஃப்டின் உள்முனையில் 'சி' வடிவில் ஒரு சிறு கிளிப். அது மட்டுமே ஷாஃப்டைப் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் முறிந்தால், வெளித்துண்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சக்கரமும் பிரேக் டிரம்மும் முறிந்த ஷாஃப்டும் ஒன்றாக வெளியே வழுக்கி வந்துவிடலாம். நெடுஞ்சாலையில் இது நடந்தால் காரில் இருப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தடத்தில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் ஆபத்து.

சாதாரணமாக ஓட்டும் காரில் இந்தக் கிளிப் முறை பல ஆண்டுகள் தொல்லையின்றி உழைக்கிறது. ஆற்றலைக் கூட்டும்போதுதான் கவலை. கிளிப்புக்குப் பதில் வெளிமுனையில் ஷாஃப்டைப் பிடிக்கும் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் நேர்க்கோட்டுப் பந்தயங்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கம், கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்கும் விரைவாகவோ கடக்கும் கார்களுக்கு இத்தகைய பிடிப்பு முறையைக் கட்டாயமாக்கியுள்ளது.

எல்லாருக்கும் புதிய அச்சு தேவையா?

தேவையில்லை என்பதே நேர்மையான பதில். வார இறுதியில் குடும்பத்தோடு நிதானமாக ஓட்டுபவர், இன்ஜினைத் தொடாதவர், எட்டு அங்குல அச்சைப் பேரிங், எண்ணெய் சீல், புதிய எண்ணெய் ஆகியவற்றோடு புதுப்பித்துக்கொண்டால் போதும்.

300 குதிரைத்திறனைச் சுற்றி உள்ளவர், தெரு டயரில் ஓட்டுபவர் என்றால் எட்டு அங்குல உறையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே நல்ல டிஃபரன்ஷியலும் நல்ல எஃகு ஷாஃப்டும் போடலாம். ஷாஃப்டின் தடிமன் சிறிது கூடினாலும் பலன் பெரிது. ஒரே வகை எஃகில் விட்டம் பத்து விழுக்காடு கூடினால், முறுக்கைத் தாங்கும் வலு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 28 பல்வரிகள் கொண்ட ஷாஃப்டிலிருந்து 31 பல்வரி ஷாஃப்டுக்கு மாறுவதில் கிடைப்பது ஏறக்குறைய இதுதான்.

அதற்கும் மேல் ஆற்றல் உள்ளவருக்கும், பந்தயத் தடத்தில் ஒட்டும் டயரோடு இறங்குபவருக்கும் அச்சையே மாற்றுவதுதான் முறை. பாதி வழியில் நின்று இரண்டு முறை செலவு செய்வதை விட ஒரே முறை செய்வது சிக்கனம்.

டிஃபரன்ஷியல் வகையையும் பயனுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண வகையில் ஒரு சக்கரம் வழுக்கினால் ஆற்றல் அங்கேயே வீணாகும். கிளட்ச் தகடுகள் கொண்ட வகை இரண்டு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும், ஆனால் தகடுகள் தேயும். பற்சக்கரங்களாலேயே பகிரும் வகை தேய்மானம் குறைந்தது, சாலைக்கு இதமானது. முழுவதுமாகப் பூட்டிவிடும் 'ஸ்பூல்' என்பது நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கானது. வளைவில் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்பதால், மழை பெய்த சாலையில் அது கட்டுப்பாட்டைக் கெடுக்கும். செலவை மிச்சம் பிடிக்க டிஃபரன்ஷியலைப் பற்றவைத்துப் பூட்டிவிடுவதும் அதே தவறுதான்.

விகிதத்தில் பேராசை வேண்டாம்

அச்சைத் திறக்கும்போதே விகிதத்தையும் மாற்றிவிடலாம் என்று பலர் 4.11 வரை போய்விடுகிறார்கள். சுமார் 65 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில், மேல் கியர் நேரடி விகிதமாக உள்ள காரில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 3.00 அச்சுக்கு இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,700 முறை சுற்றும். 3.55க்கு அது 3,190. 4.11க்கு 3,700ஐ நெருங்கிவிடும். நீண்ட பயணத்தில் அந்த இரைச்சலும் எரிபொருள் செலவும் அலுத்துப்போகும். ஓவர்டிரைவ் இல்லாத காரில் 3.25 முதல் 3.55 வரை உள்ள விகிதமே பெரும்பாலோருக்கு ஏற்றது.

வேகமானியையும் மறக்கக்கூடாது. அது கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. 3.00இலிருந்து 3.55க்கு மாறியபின் உண்மையான வேகம் 100 என்றால் முள் 118ஐக் காட்டும். அதற்குரிய சிறு பல்சக்கரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அளந்து பார்த்து வாங்குக

மாற்று அச்சு மூன்று வழிகளில் கிடைக்கிறது. அதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிய ஒன்பது அங்குல அச்சு முதல் வழி. இது நேராகப் பொருந்தும், ஆனால் அரிது. வேறு வாகனத்திலிருந்து எடுத்து மாற்றியமைப்பது இரண்டாவது. கரி, மோசர், ஸ்டிரேஞ்ச் போன்ற அமெரிக்க நிறுவனங்களிடம் அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்குவது மூன்றாவது.

எதுவானாலும் அகலமே முதல் கேள்வி. சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை அளந்தால் 1965, 1966 மஸ்டாங்குகளில் 57.25 அங்குலம். 1967 முதல் 1970 வரை 59.25. 1971 முதல் 1973 வரை 61.25. பெயர் ஒன்றுதான், அச்சு மூன்று வகை. இரண்டு அங்குலம் கூடிவிட்டால் டயர் மட்கார்டில் உரசும். குறைந்துவிட்டால் உள்பக்கம் ஸ்பிரிங்கில் உரசும்.

1977 முதல் 1980 வரை விற்ற லிங்கன் வெர்சைல்ஸ் காரின் ஒன்பது அங்குல அச்சு 58.5 அங்குல அகலமும் டிஸ்க் பிரேக்கும் கொண்டிருந்ததால் மஸ்டாங் ஆர்வலர்கள் அதைத் தேடித் தேடி எடுத்தார்கள். அது அருகிப்போனபின் ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல அச்சின் பக்கம் திரும்பினார்கள். 1995 முதல் 2001 வரை வந்தவற்றில் டிஸ்க் பிரேக், 31 பல்வரி ஷாஃப்ட், மஸ்டாங்குக்குப் பொருந்தும் ஐந்து துளைச் சக்கர அமைப்பு எல்லாம் உண்டு. விலையும் குறைவு. ஆனால் அதில் பினியன் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். நீளமான குழாயை வெட்டிக் குறைத்து இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போடுவது ஒரு தீர்வு. 'சி' கிளிப் முறை என்பதையும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் தவறுகள்

ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளை அச்சில் பற்றவைக்கும் முன்பு பினியனின் சாய்வைச் சரி செய்தாக வேண்டும். கியர்பாக்ஸின் பின்முனைக் கோடும் பினியனின் கோடும் ஓடும் நிலையில் இணையாக இருந்தால்தான் கிராஸ் ஜாயிண்டுகள் அதிராமல் சுழலும். மிதியை அழுத்தும்போது பினியனின் மூக்கு மேலே எழும் என்பதால், லீஃப் ஸ்பிரிங் கார்களில் நிற்கும் நிலையில் இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி வைப்பது வழக்கம். காரின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கியிருக்கும்போதே இதை அளக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் எல்லாம் தவறாகும்.

பற்றவைப்பவரும் தேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடேற்றினால் அச்சுக் குழாய் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு, சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் அநேகமாக மாறும். பழையதை இழுத்துப் பிடித்துப் பொருத்தக்கூடாது. அளவெடுத்துக் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டி, சமன் செய்து வாங்க வேண்டும்.

பிரேக்கில் அலட்சியம் கூடவே கூடாது. பின்னால் டிரம் இருந்த இடத்தில் டிஸ்க் வந்தால் முன் பின் பிரேக் அழுத்தத்தின் பங்கீடு மாறுகிறது. அவசரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். அழுத்தத்தைப் பங்கிடும் வால்வைச் சரி செய்து, ஆளில்லா இடத்தில் ஓட்டிப் பார்த்தபின்பே சாலைக்கு வர வேண்டும். கை பிரேக் கேபிளும் நீளம் பொருந்தி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்றும் இத்தகைய வேலைக்கு முன் அந்தந்த நாட்டின் போக்குவரத்துத் துறையிடம் விதிமுறையைக் கேட்டுத் தெளிவது உரிமையாளரின் பொறுப்பு.

பல்லோடு பல் சேரும் நுணுக்கம்

கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒன்பது அங்குல அச்சில் பொதுவாக 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரைதான். நான்கைந்து தலைமுடியின் தடிமன் என்று சொல்லலாம். இதற்கு டயல் அளவுகோல் வேண்டும். பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, பல் சரியான இடத்தில் தொடுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். 'கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. தவறாகச் சேர்த்த பற்கள் முதலில் ஊளையிடும், பிறகு உடையும்.

புதிய பற்களுக்குப் பழக்கமும் வேண்டும். முதல் நாள் பதினைந்து இருபது நிமிடம் மென்மையாக ஓட்டி, முழுவதுமாக ஆறவிட வேண்டும். இதைச் சில முறை செய்தபின், முதல் 800 கிலோமீட்டர் வரை முழு வேகம், பாரம், இழுவை மூன்றையும் தவிர்த்து, பிறகு எண்ணெயை மாற்றிவிட வேண்டும். கிளட்ச் தகடு வகை டிஃபரன்ஷியல் என்றால் அதற்குரிய சிறப்புச் சேர்மானத்தையும் எண்ணெயோடு ஊற்ற வேண்டும்.

பழைய அச்சைத் தூக்கி எறியாதீர்கள்

ஃபோர்டு அச்சின் ஒரு போல்ட்டில் சிறு உலோகத் தகடு தொங்கும். அதில் 3.00 போன்ற விகிதம் பொறிக்கப்பட்டிருக்கும். எண்களுக்கு நடுவே 'எல்' எழுத்து இருந்தால், இரு சக்கரத்துக்கும் ஆற்றலைப் பகிரும் வகை என்று பொருள். செவர்லேயில் குறியீடு அச்சுக் குழாயிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்தது என்பதற்கு இவை சாட்சி. அசல் பாகங்களோடு உள்ள காருக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.

ஆகவே கழற்றிய அச்சுக்கு எண்ணெய் தடவி, தகடோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது. புதிய அச்சைப் பொருத்தும்போது காரின் உடலை வெட்டாமல், துளையிடாமல் செய்தால் நாளை யாராவது அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

பட்டறைக்குப் போகும் முன் உரிமையாளர் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளட்டும். காரை எதற்காக ஓட்டுகிறேன், இன்ஜினின் முறுக்கு விசை எவ்வளவு, எந்த டயர் போடப் போகிறேன். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், எட்டு அங்குலம் போதுமா, ஒன்பது வேண்டுமா என்பதைப் பட்டறைக்காரர் அங்கேயே சொல்லிவிடுவார். விடை தெரியாதவர் இன்ஜினுக்கு வைத்திருக்கும் பணத்தை இன்னும் சில மாதம் பையிலேயே வைத்திருக்கலாம்.